வீக்கம் தானாய் வடிவதில்லை

இந்த ஊரில் ஒருவருக்குக் காயம் பட்டால் முதல் வேலையாக மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். நான் வந்த புதிதில் இதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். எங்கள் மன்னார்க் கரையில் காயம் பட்டவனுக்காகத்தான் முதலில் மீன் சட்டியை அடுப்பில் ஏற்றுவார்கள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், இங்கே பூண்டு என்கிற உள்ளி எல்லாம் அம்மியில் அரைத்து, கைக்கு அடங்கிய சின்ன மீன்களைப் போட்டு, தண்ணியாய் ஒரு சரக்குக் கறி வைப்போம். இந்தக் கும்மிடிப்பூண்டிக்கும் அதே சின்ன மீன் பழவேற்காட்டிலிருந்து கூடையில் வருகிறது. ஆனால் காயம் பட்ட ஆள் இருக்கும் வாசலில் மீன்காரி நிற்பதே இல்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். தீட்டு வீட்டைத் தாண்டுவதுபோலத் தாண்டுவாள்.

மன்னாரில் மிஞ்சியிருக்கிற எங்கட சனத்துக்கும், தமிழ்நாட்டில் முகாம் முகாமாய்க் கிடக்கிறவர்களுக்கும், கனடா, லண்டன் என்று போய்ச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறியபிறகு எழுதலாம் என்று வைத்துப் பார்த்தேன், ஆறவில்லை. நான் வெளியில் அதிகம் கதைக்காதவள். வாயைத் திறந்தால் சிலோன் என்று தெரிந்துவிடும். பஸ்ஸிலோ ரேஷன் கடையிலோ ஒரு வார்த்தை சொன்னால், "இன்னொரு வாட்டி பேசு ஆயா, கேக்க சோக்கா கீது" என்று சிரிப்பார்கள். முதன்முதலில் என்னை ஆயா என்று கூப்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் பக்கம் ஆயா என்றால் பிள்ளை பார்க்க வைத்த வேலைக்காரி. இங்கே அது வயதானவளுக்குக் கொடுக்கிற மரியாதை என்று புரிய எத்தனையோ நாள் பிடித்தது. இப்படியே கையைக் காட்டி, தலையை ஆட்டி, முப்பது வருசத்துக்கும் மேலாக வாய் மூடி இருந்துவிட்டேன்.

என் மகள் ஜெசிந்தா. இங்கே எல்லோருக்கும் ஜெசி. சண்டைக்குத் தப்பி வள்ளத்தில் வரும்போது என் இடுப்பில் இருந்தவள். மன்னார் என்றால் அவளுக்கு நான் சொல்லும் கதை மட்டும்தான். வீட்டுக்குள் என்னோடு எங்கள் தமிழில் கதைப்பாள். வாசலைத் தாண்டினால், "இன்னாக்கா, அதுக்குள்ள கெளம்பிட்டியா" என்று இந்த ஊர்ப் பெண்ணாகிவிடுவாள். அவள் புருசன் பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்தபிறகு, பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஒரு கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். லாரி லாரியாக ஸ்க்ராப் வந்து கொட்டும். அதில் இரும்பை ஒரு பக்கம், செம்பை ஒரு பக்கம், ரப்பரை ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவது பெண்களுக்கு வேலை. முழு நாளும் நின்றபடி செய்ய வேண்டும். ஒரு நாள் கிழிந்த டிரம் தகடு ஒன்று குவியலிலிருந்து சரிந்து, அவள் கணுக்காலுக்கு மேலே சதையைப் பிளந்துவிட்டது. சூப்பர்வைசர் மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட்டால் கட்டி, மருந்துக்கடையில் ஒரு ஊசி போட வைத்து, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினான்.

அவன் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதில் பிஸ்கட் இல்லை, மாத்திரை. வலிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற மஞ்சள் மாத்திரை. முழங்கால் நோகுது என்றாலும் அதுதான், இடுப்பு நோகுது என்றாலும் அதுதான், மாத விலக்கு நோவு என்றாலும் அதுதான். கோயிலில் திருநீறு கொடுப்பதுபோல அள்ளிக் கொடுப்பான். பெண்களும் நல்ல மனுசன் என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். "ரெண்டு போட்டுக்கினு நில்லு ஜெசி, ஆளு பத்தல" என்றான். அவளும் போட்டுக்கொண்டு நின்றாள். காலையில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று. நோ தெரியாததால் நின்றாள். நின்றதால் கால் பொழுதுபட வீங்கியது. வீங்கியதால் மறுபடி மாத்திரை. காயத்தின் ஓரம் தடித்து வெளுத்து, நடுவில் குழியாகி, மூடவும் இல்லை, பெரிதாய்த் திறக்கவும் இல்லை. வாரக்கணக்காக அப்படியே இருந்தது.

பக்கத்துத் தெருக் கன்னியம்மாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, முழங்கால் நோவுக்கு அவளுக்கும் அதே மாத்திரைதான். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள், வயல் கம்பெனியானபின் அங்கேயே கூலியாகப் போனவள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள், நாக்கிலும் வைத்துக்கொள்ள மாட்டாள். காயம் பட்ட அன்று சாயந்திரம் நான் சரக்குக் கறி அடுப்பில் வைத்திருந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இன்னா சிலோன்மா, பொண்ணு கால கிழிச்சிக்கினு ஒக்காந்துகீது, நீ மீனு கொதிக்க வெக்கிற? மீனு, கருவாடு, கத்திரிக்கா எல்லாம் கரப்பான். சீழ் வெச்சிக்கும். எடுத்து கீழ ஊத்து மொதல்ல."

நான் ஜெசியைப் பார்த்தேன். அவள் என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் குனிந்தபடி, "அம்மா, உங்கட ஊர்ப் பழக்கம் இஞ்ச சரிவராது. வேண்டாம், எனக்குக் கஞ்சி தாங்கோ" என்றாள். உங்கட ஊர் என்றாள். எங்கட ஊர் என்று சொல்லவில்லை. அந்தக் கறியைக் கன்னியம்மாவே துணியால் பிடித்து இறக்கித் தன் வீட்டுக்குக் கொண்டு போனாள். "வீணாக்கக் கூடாது பாரு" என்று சிரித்தாள். அன்றிலிருந்து ஜெசிக்குக் கஞ்சியும் துவையலும்தான். முட்டைகூட இல்லை. உடம்பு காய்ந்தது, கால் மட்டும் ஊதியது. சூப்பர்வைசர் பெண்களுக்கு முன்னால் சொன்னானாம்: "முகாம் ஆளுங்களுக்கு கருவாடு இல்லாம சோறு எறங்காது. திருட்டுத்தனமா துன்னுதுங்க போல. அதான் ஆற மாட்டேங்குது." ஜெசி இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகடு அவர்களுடையது, காயம் எங்களுடையது, குற்றம் மீனுடையது. நல்லாய்த்தான் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், ஸ்க்ராப் பிரிப்பதுபோல.

அப்போது என் அப்பாவின் கால் நினைவுக்கு வந்தது. கரைவலை இழுக்கும்போது திருக்கை முள் அவர் உள்ளங்காலில் ஏறிவிட்டது. கால் பனைமரக் குத்திபோல வீங்கி, கிட்டப் போனாலே அனல் அடித்தது. முள்ளை எடுத்துக் கழுவிக் கட்டினார்கள். அப்பா கத்துவார், புரளுவார். வீக்கம் வந்தது, நின்றது, ஒரு நாள் வடியத் தொடங்கியது. வடியும்வரை அவரைக் கடலுக்கு வா என்று யாரும் கேட்கவில்லை. வலை இழுக்கையில் காயம் பட்டவனுக்கு அவன் மறுபடி வலைக்கு வரும்வரை மீன் பங்கு வீடு தேடி வரும். அது தர்மம் இல்லை, வலையின் சட்டம். நாளைக்கு யார் காலில் முள் ஏறும் என்று ஒருவருக்கும் தெரியாதல்லவா. அந்தப் பங்கு மீனில்தான் அம்மா கறி வைத்தாள். அங்கே எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. வலைச் சொந்தக்காரச் சம்மாட்டி என் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "டேய்" தான். ஆனால் வீங்கின காலோடு நிற்கச் சொல்ல அவனுக்கும் துணிவு இருக்கவில்லை.

கடைசியில் ஜெசிக்குக் காய்ச்சல் வந்தபிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். பொதட்டூர்பேட்டைப் பக்கம் என்று நர்சோடு கதைக்கையில் காதில் விழுந்தது. கட்டை அவிழ்த்ததும் முகம் மாறிவிட்டது. காலை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். சுகர் இல்லை, உள்ளே தகடு இல்லை. "இது இன்னும் உள்ள போயி எலும்புல ஏறிச்சுன்னா காலைக் காப்பாத்துறது கஷ்டம். என்னம்மா மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டார். ஜெசி பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாள். எவ்வளவு நாளாய் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் அட்டையை மேசையில் போட்டார். பிறகு, மீன் நிறுத்தியாச்சு, முட்டை நிறுத்தியாச்சு என்று ஜெசி பெருமையாய்ச் சொன்னபோது அந்தப் பெண் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

என் முகத்தில் என்ன கண்டாரோ, என் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னார். "பாட்டி, காயம் பட்டா மொதல்ல வீங்கணும். அது கெட்டது இல்ல. அழுக்கையும் கிருமியையும் திங்கிற செல்லுங்க அங்க ஓடி வருது, அதான் சூடு, செவப்பு, வீக்கம். வேலை முடிஞ்சதும் அதுங்களப் போகச் சொல்லணும். போகலன்னா நல்ல சதையையும் கெடுக்கும். முன்னல்லாம் வீக்கம் தானா வடிஞ்சிடும்னு நெனச்சாங்க. அப்படி இல்லன்னு இப்ப தெரியுது. வடிய வெக்கிறதுக்குன்னே உடம்பு சில பொருளச் செய்யுது. கொழுப்புல இருந்து செய்யுது, மீன் கொழுப்புல இருந்தும் செய்யுது. ரிசால்வின்ங்கிறது அதுல ஒரு வகையோட பேரு. அதுங்கதான் வந்தவங்களை அனுப்பி வெச்சு, குப்பைய அள்ள வெச்சு, புதுச் சதை வளர வழி பண்ணும்."

"அப்ப இந்தக் குளிசை?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அட்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"மாத்திரையா? ரெண்டு நாள் போட்டா ஒண்ணும் இல்ல. வீக்கத்தைத் தொடக்கி வெக்கிற சமிக்ஞைதான், பிற்பாடு நிறுத்துற வேலைக்கும் ஆரம்பம் கொடுக்குது. வாரக்கணக்கா இதைப் போட்டு அமுக்கினா அந்த நிறுத்துற வேலையும் கெடலாம். அதோட, வலி தெரியாம நாள் முழுக்க நின்னிருக்காங்க. அதுதான் பெரிய கேடு." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "மீன் சாப்பிட்டா உடனே ஆறிடும்னு சொல்ல மாட்டேன் பாட்டி. அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு. ஆனா நிறுத்தணும்னு ஒண்ணும் இல்ல. முட்டை, மீன், பருப்பு எல்லாம் கொடுங்க. சுத்தம் பண்ணி மருந்து கட்டுறோம். கால் தூக்கி வெச்சு ரெஸ்ட். நிக்கவே கூடாது."

நிக்கக் கூடாது என்றால் வேலை இல்லை. நின்றால் கால் இல்லை. மேசையில் கிடந்த மஞ்சள் அட்டையை நான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது டாக்டர் சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. தானாய் வடியும், தானாய் ஆறும் என்று எத்தனை பேர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்! முகாமைப் பார்க்க வருகிற வெள்ளைச் சட்டைக்காரர் எல்லாரும் அதைத்தான் சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார்கள். காலம் ஆற்றும் என்பார்கள். காலம் ஒன்றையும் ஆற்றாது. உடம்புக்குள்ளேகூட யாரோ வேலை செய்துதான் ஆற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் ஊருக்கும் ஆமிக்காரர் வந்தார்கள், காப்பாற்ற என்று சொல்லித்தான் வந்தார்கள். முதலில் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், பிறகு தென்னந்தோட்டத்தில், பிறகு எங்கள் வீட்டு வளவுக்குள். சண்டை முடிந்து கனகாலமாகிவிட்டது. வேலை முடிந்தது, போங்கோ என்று சொல்லுகிற பொருளை அந்த நாட்டின் உடம்பு இன்னும் செய்யவில்லை. எங்கள் கிணற்றில் அவர்கள் குளிக்கிறார்கள் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். இங்கே கொஞ்ச நாளைக்கு என்று கொடுத்த அறையில் என் மகள் வளர்ந்து, கலியாணம் கட்டி, தாலி அறுத்துவிட்டாள். ஆள் இருக்கிறோமா என்று பார்க்க இன்னும் வரிசையில் நிற்க வைக்கிறார்கள். மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. இதற்கும் ஒரு மஞ்சள் மாத்திரை எப்போதும் இருக்கிறது. நோ தெரியாத அளவுக்கு ஏதாவது கொடுத்து, நில்லு என்பார்கள்.

மறுநாள் காலை ஜெசிக்குச் சொல்லாமல் கம்பெனி வாசலுக்குப் போனேன். கையில் அந்த மாத்திரை அட்டை. வாசல் காவலாளி ஒடிசாக்காரர், அவருக்கு என் தமிழும் தெரியாது, கன்னியம்மாவின் தமிழும் தெரியாது. நான் நிற்பதைப் பார்த்து, தன் ஸ்டூலை எடுத்து எனக்குப் போட்டார். நான் உட்காரவில்லை. ஷிப்டுக்குப் பெண்கள் உள்ளே போகும் நேரம். சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினான்.

"இன்னா ஆயா, இங்க வந்து நின்னுக்கினு கீற? ஜெசி எங்க? ஆள் இல்லாம பேஜாரா கீது."

என் வாயிலிருந்து எங்கள் தமிழ்தான் வந்தது. வேறு எது வரும்? "என்ர பிள்ளை வரமாட்டாள். அவள் நிண்டால் கால் போயிடும் எண்டு டாக்டர் சொல்லிப்போட்டார். கால் ஆறாமல் போனது மீனால இல்லை. உன்ர டப்பாவால. வீக்கம் வந்தது காயத்தை ஆத்த. நீ அதையும் அமத்தி, நோவையும் அமத்தி, அவளை நிக்க வச்சாய். நிக்கிறதுக்காகத்தானே குடுத்தாய்? இவையள் எல்லாருக்கும் அதுக்காகத்தானே குடுக்கிறாய்?"

அவன் சிரித்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "பார்றா, சிலோன்ல இருந்து வந்து நமக்கு டாக்டர் கிளாஸ் எடுக்குது. ஆயா, கருவாடு துன்னு கால வீங்க வெச்சிக்கினா கம்பெனி இன்னா பண்ணும்?"

"அவள் மீன் தொடவே இல்லை! உங்கட கதையைக் கேட்டு என்ர கையால வச்ச கறியைத் தள்ளி வச்சவள்! தகடு விழுந்தது உன்ர கம்பெனி முற்றத்தில. ஆஸ்பத்திரிக்கு நீ கொண்டு போயிருக்க வேணும். கால் ஆறும்வரைக்கும் அவளின்ர இடத்தை வச்சிருக்க வேணும். மீனில பழி போடுறாய், வெக்கமில்லையா உனக்கு?"

இப்போது அவன் சிரிக்கவில்லை. "சரி, நாளைக்கும் வர வேணாம்னு சொல்லிடு. எப்பவுமே வர வேணாம். ஆளு நெறைய கீது" என்று பைக்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நான் அட்டையை அவன் முதுகுப் பக்கம் வீசினேன். அது அவன்மேல் படவில்லை. வாசல் தூசியில் விழுந்தது. அதைத் தாண்டித்தான் பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். ஒருத்தி குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்கும் முழங்கால் நோ இருக்கும். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஜெசி என்னை மன்னிக்கவில்லை. "நீங்கள் ஒருநாளும் வாய் திறக்காதனீங்கள். திறந்து என்ர வேலையைப் போக்காட்டிப்போட்டீங்கள்" என்றாள். "இந்த ஊர்ல நாங்க கத்தினா, கத்தினதுதான் தெரியும். எதுக்குக் கத்தினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது." அவள் சொன்னது உண்மை. ஆனாலும் எனக்கு மனம் வருந்தவில்லை, இன்றைக்கும் வருந்தவில்லை. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்னோடு கதைக்காமல் படுத்திருந்தாள். மாத்திரை நின்றதும் நோ முழுசாய்த் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கெட்ட சதையைச் சுரண்டி எடுத்து மருந்து கட்டினார்கள். காயம் சிவந்தது, சுட்டது. பயந்துபோய்க் கேட்டேன். "இது நல்ல செவப்பு பாட்டி" என்றார் டாக்டர்.

அப்படி இருக்கையில் ஒரு சாயந்திரம் கன்னியம்மா வந்தாள். கையில் தையல் இலையில் சுற்றிய பொடி மீன். வாசலிலேயே நின்று நீட்டினாள்.

"டாக்டரம்மா சொன்னாங்களாமே, அதுக்கோசரம் வாங்கியாந்தேன். சீழ் வெச்சா என்னக் கேக்காத." பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "ஜெசி, உங்கம்மாவுக்கு பேச்சே வராதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னா தொண்டைடி அது! அந்தாளு ரெண்டு நாளா டப்பாவ வெளிய எடுக்கல, பூட்டி வெச்சிக்கினு கீறான்" என்றாள்.

"அப்ப உங்கட முழங்காலுக்கு?" என்று கேட்டேன்.

"நோவுது. நோவட்டும். ஒக்காந்து ஒக்காந்துதான் வேலை செய்யிறேன். திட்டிக்கினேதான் கீறான்."

ஜெசி அன்று முதல்முறை சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை, கன்னியம்மாவைப் பார்த்து. ஆனால் நான் வைத்த கறியைச் சாப்பிட்டாள்.

எந்த மருந்தால், எந்தக் கறியால், எந்த ஓய்வால் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மெல்ல மெல்லக் குழி நிரம்பி, ஓரத்திலிருந்து தோல் வந்தது. ஒரு பக்கமிருந்து மட்டுமில்லை, சுற்றிவர எல்லாப் பக்கமிருந்தும் நடுவை நோக்கி வந்தது. எளாவூர்ச் சோதனைச்சாவடிப் பக்கம் லாரிக்காரர்களுக்குச் சமைக்கிற கடையில், உட்கார்ந்து காய் நறுக்கும் வேலையைக் கன்னியம்மாவே பார்த்துக் கொடுத்தாள். பழைய கம்பெனி ஒன்றும் தரவில்லை. விழுந்த தகட்டுக்கு அவர்களிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. அங்கே இன்னொரு பெண் நிற்கிறாள்.

நேற்று வேலை முடிந்து வந்ததும் ஜெசி கீழே உட்கார்ந்து காலை நீட்டி, அதை என் மடியில் வைத்தாள். கேட்காமல் வைத்தாள். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதுத்தோல் வெங்காயச் சருகுபோல மினுங்கியது. மயிர் இல்லை, வேர்வை இல்லை. அவளுடைய நிறமும் இல்லை, என்னுடைய நிறமும் இல்லை. காயத்துக்கு வெளியே விரலை வைத்தேன்.

"இஞ்ச தெரியுதோ?"

"தெரியுது."

கொஞ்சம் நகர்த்தினேன். "இஞ்ச?"

"தெரில."

"இஞ்ச?"

"தெரிலம்மா."

மற்றப் பக்கத்துக்கு வந்ததும், "ஓம், இப்ப தெரியுது" என்றாள். நடுவில் இருப்பதும் அவள் கால்தான். உள்ளே இரத்தம் ஓடுகிறது, என் விரலுக்குச் சூடு தெரிகிறது. தொட்டது மட்டும் அவளுக்குத் தெரிவதில்லை. எந்த இடத்தில் தெரிவது நிற்கிறது, எந்த இடத்தில் மறுபடி தொடங்குகிறது என்று பார்க்க அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் விரலை மெதுவாய், மெதுவாய்ப் பின்னுக்குக் கொண்டு போனேன்.